கண்டுபிடிப்பை ஊருக்குச் சொல்ல முன்: ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில கணக்குகள்

ஸ்காபுரோவில் வரிக்கணக்குச் செய்யும் எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்களுக்கு முன்பெல்லாம் வந்தவர்கள் ரக்சி ஓட்டுபவர்கள், பலசரக்குக் கடைக்காரர், நிலக்கீழ் அறையை வாடகைக்கு விட்டவர்கள். இப்போது சில ஆண்டுகளாகப் புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பிள்ளைகள். பெரும்பாலும் தாயோ தகப்பனோ கூடவே வருவார்கள்.

அப்படி ஒரு ஒக்ரோபர் மாதச் சனிக்கிழமை, எங்களுக்கு நெடுநாள் பழக்கமான ஒருவர் மகளோடு வந்தார். கதிரையில் இருக்க முன்னமே தொடங்கிவிட்டார். "அண்ணை, பிள்ளை ஒண்டு கண்டுபிடிச்சிருக்கிறாள். கிணத்துத் தண்ணியிலை நைத்திரேற் எவ்வளவு எண்டு உடனை காட்டிற சின்னக் கருவி. கெதியா ஒரு கொம்பனி பதிஞ்சு தாங்கோ. காசுக்கு யோசிக்க வேண்டாம், வீட்டிலை லைன் ஒஃப் கிரெடிட் இருக்கு."

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில், உரம் போட்ட தோட்டத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் நடுவில் கிணறு வெட்டிக் குடித்து வளர்ந்தவர்களுக்கு நைத்திரேற் என்ற சொல் புதிதல்ல. எங்களுக்கும் மனம் குளிர்ந்தது. ஆனால் கொம்பனிப் படிவத்தை எடுக்காமல் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டோம். "பிள்ளை, இதை இதுவரைக்கும் ஆர் ஆருக்குச் சொல்லியிருக்கிறீர்?"

"பெப்ரவரியிலை ஒரு மாநாட்டிலை போஸ்ரர் வைச்சனான் அங்கிள். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு போனவை. நல்ல வரவேற்பு."

தகப்பன் பெருமையோடு சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போஸ்ரரோடு ஐரோப்பா முழுவதற்குமான காப்புரிமை வாய்ப்புப் போய்விட்டது. கனடாவிலும் அமெரிக்காவிலும் மீதி இருந்தது நான்கு மாதம்.

ஆய்வு செய்வது எப்படி என்று பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுக்கிறது. அதை விற்பது எப்படி என்று வகுப்புகளும் நடக்கின்றன. ஆனால் எதை முதலில் செய்யவேண்டும், எதைப் பிறகு செய்யவேண்டும் என்ற ஒழுங்கை வீட்டில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எங்கள் தலைமுறைக்கு அது தெரியவும் வாய்ப்பில்லை. அந்த ஒழுங்கைத்தான் கணக்காளர் பார்வையில் இங்கே எழுதுகிறோம். நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல. சட்டத்தரணியிடம் போகும்போது என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவும்.

முதலாவது: திகதி

காப்புரிமை, பேச்சு வழக்கில் பேற்றன்ற், என்பது ஒரு நாட்டு அரசு கண்டுபிடித்தவருக்குக் கொடுக்கும் ஒரு தடை அதிகாரம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, உங்கள் அனுமதி இல்லாமல் அதை வேறொருவர் செய்யவோ விற்கவோ முடியாது. அதற்கு முதல் நிபந்தனை, அந்தக் கண்டுபிடிப்பு உலகத்துக்குப் புதியதாக இருக்கவேண்டும். புதுமையைக் கெடுப்பவர் அயலவராக இருக்கவேண்டும் என்றில்லை. நீங்களே உங்கள் வாயால் கெடுக்கலாம்.

மாநாட்டுப் போஸ்ரர், சஞ்சிகைக் கட்டுரை, இணையத்தில் ஏற்றிய முன்பிரதி, நூலகத்தில் வைத்த ஆய்வேடு, யாரும் வந்து கேட்கக்கூடிய கருத்தரங்கு எல்லாமே பகிரங்கப்படுத்தல்தான். கனடாவும் அமெரிக்காவும் கண்டுபிடித்தவருக்கு 12 மாதம் தவணை தருகின்றன. அவரே வெளியிட்டிருந்தால் அந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய காப்புரிமைச் சட்டத்தில் அந்தத் தவணை இல்லை. லண்டனிலோ பாரிசிலோ ஒஸ்லோவிலோ படிக்கும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். இன்று போஸ்ரர் வைத்துவிட்டு நாளை விண்ணப்பித்தாலும் பிந்தியதுதான்.

இதற்காக ஆய்வுக் கட்டுரையே எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வாளருக்குக் கட்டுரைதான் சோறு. ஒழுங்கை மாற்றினால் போதும். முதலில் விண்ணப்பம், அடுத்த நாள் கட்டுரை. அமெரிக்காவில் தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்று உண்டு. குறைந்த செலவில் ஒரு திகதியைப் பிடித்து வைக்கும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போடவேண்டும். காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் கீழ் ஒரே சர்வதேச விண்ணப்பமாகப் போட்டால், எந்தெந்த நாட்டில் தொடர்வது என்று முடிவெடுக்கப் பெரும்பாலான நாடுகளில் முதல் திகதியிலிருந்து 30 மாதம் கிடைக்கும். பெருஞ்செலவு வருவது அந்த முப்பதாவது மாதத்தில்தான். நாட்டுக்கு நாடு கட்டணம், மொழிபெயர்ப்பு, சட்டத்தரணி எல்லாம் சேர்ந்து பத்தாயிரக் கணக்கில் போகும். அந்த 30 மாதமும் சந்தை இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கிடைத்த அவகாசம் என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன் யாருக்காவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கிவிட்டுச் சொல்லுங்கள். ஆய்வேட்டை நூலகத்தில் சிறிது காலம் பூட்டி வைக்கும்படி கேட்பதற்குப் பல பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது.

நாங்கள் வணிகமாணிப் பட்டத்தோடு அகதியாக வந்து, உணவகத்தில் பாத்திரம் கழுவி, இரவு வகுப்புக்குப் போய்த் திரும்பவும் கணக்காளரானவர்கள். அகதி விசாரணையில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது திகதிதான். எந்த நாள் வீட்டை விட்டு வெளிக்கிட்டாய், எந்த நாள் பிடித்தார்கள், அதற்குக் கடதாசி என்ன இருக்கிறது. உண்மை எங்கள் பக்கம் இருந்தும் திகதி பிசகியதால் தவித்தவர்களை நாங்கள் அறிவோம். காப்புரிமை அலுவலகமும் அப்படித்தான். நீ கெட்டிக்காரியா என்று அது கேட்காது. எந்த நாள் என்று கேட்கும்.

இரண்டாவது: இது யாருடைய சொத்து?

"என்ரை மூளை, என்ரை உழைப்பு, அப்ப என்ரைதானே" என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சில இடங்களில் அது சரி, பல இடங்களில் இல்லை.

கனடாவில் பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறது. வாட்டர்லூவில் உரிமை உருவாக்கியவருக்கே. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தவரும் பல்கலைக்கழகமும் கூட்டு உரிமையாளர்கள். யார் முன்னெடுப்பது என்று பிறகு தீர்மானிக்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உரிமை பல்கலைக்கழகத்துக்கு. ரொறன்ரோவில் மருத்துவ ஆய்வு செய்யும் பிள்ளைகளில் பலர் உண்மையில் வேலை செய்வது மருத்துவமனை ஆய்வுகூடங்களில். அந்த மருத்துவமனைக்குத் தனிக் கொள்கை இருக்கும். பட்டம் தருவது ஓரிடம், உரிமை கேட்பது வேறிடம் என்று வரலாம்.

மற்ற நாடுகளில் உள்ள வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரித்தானியாவில் ஊழியர் தம் வேலையின் பகுதியாகக் கண்டுபிடித்தது 1977 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி பொதுவாக வேலை கொடுத்தவருக்குச் சேரும். சம்பளம் பெறாத மாணவர் ஊழியர் அல்ல. ஆனால் சேரும்போது எதில் கையொப்பம் வைத்தார் என்று பார்க்கவேண்டும். ஜேர்மனியில் 2002 இலும் நோர்வேயில் 2003 இலும் பேராசிரியர்களுக்கு இருந்த தனிச்சலுகை எடுக்கப்பட்டது. சுவீடனில் அது இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 1980 ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம், அரச பணத்தில் நடந்த ஆய்வின் கண்டுபிடிப்பைப் பல்கலைக்கழகங்கள் தம்மிடமே வைத்து வணிகமாக்க இடம் கொடுத்தது.

பல்கலைக்கழகக் கொள்கையோடு கதை முடியாது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த தொழில் நிறுவனம் ஏதாவது இருந்தால், அந்த ஒப்பந்தத்தில் அதற்கு முதல் உரிமை எழுதப்பட்டிருக்கலாம். மேற்பார்வையாளர் கையொப்பம் வைத்த ஒப்பந்தத்தை மாணவர் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார். கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அடுத்தது, கண்டுபிடித்தவர்கள் யார் என்ற பட்டியல். கட்டுரையில் பெயர் போடுவது வேறு, காப்புரிமையில் பெயர் போடுவது வேறு. ஆய்வுகூடத் தலைவர் என்பதற்காகப் பேராசிரியரின் பெயரைக் கட்டுரையில் போடுவது பல துறைகளில் வழக்கம். காப்புரிமையில் கண்டுபிடிப்பின் கருத்துக்கு உண்மையில் பங்களித்தவர்கள் மட்டுமே வரவேண்டும். சொன்னதைச் செய்து கொடுத்தவர் வரமாட்டார். ஆனால் ஒரு இரவு, "இந்தப் பூச்சை மாத்திப் பார்" என்று சொல்லித் திருப்புமுனையைத் தந்த பக்கத்து மேசை மாணவர் வரக்கூடும். அவரை வேண்டுமென்று விட்டால் அமெரிக்காவில் காப்புரிமையே செல்லாமல் போகும் நிலை வரலாம். அதனால்தான் ஆய்வுக் குறிப்பேட்டில் யார் என்ன சொன்னார், எந்த நாள் என்று எழுதி வைக்கச் சொல்கிறோம்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தபின் போகவேண்டிய இடம், பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம். அங்கே ஒரு கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவம் நிரப்பவேண்டும். அது இரகசியமாகவே இருக்கும், பகிரங்கப்படுத்தலாகாது. பல்கலைக்கழகம் முன்னெடுக்க முடிவு செய்தால் காப்புரிமைச் செலவை அதுவே ஏற்று, பிறகு வருமானத்திலிருந்து கழித்துக்கொள்வது வழக்கம். மிச்சத்தில் பங்கு எவ்வளவு என்பது கொள்கையில் எழுதியிருக்கும்.

ஒரு டொலருக்கு விற்ற காப்புரிமை

காப்புரிமை என்றாலே பேராசை என்று நினைக்கும் பெற்றோரும் எங்களிடம் உண்டு. அவர்களுக்கு ரொறன்ரோவில் நடந்த ஒரு கதையைச் சொல்வோம். 1921 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில், பிரெடெரிக் பான்ரிங்கும் சார்ள்ஸ் பெஸ்ற்றும் இன்சுலின் ஆய்வைத் தொடங்கினார்கள். ஆண்டு முடிவில் ஜேம்ஸ் கொலிப் சேர்ந்தார். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரிவரவில்லை. கொலிப் சுத்திகரித்துக் கொடுத்த சாற்றை 23 ஆம் திகதி போட்டபோது சர்க்கரை இறங்கியது. அந்த ஊசி போட்ட பழைய ரொறன்ரோப் பொது மருத்துவமனைக் கட்டடம் இன்று கொலேஜ் வீதியில் மார்ஸ் என்ற தொடக்க நிறுவனங்களின் மையத்தின் ஒரு பகுதி. எங்கள் பிள்ளைகள் பலர் அதற்குள் போய் வருகிறார்கள்.

பான்ரிங், பெஸ்ற், கொலிப் மூவரும் 1923 இல் தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஏன் எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். சும்மா விட்டிருந்தால் வேறொருவர் காப்புரிமை எடுத்து எல்லோரையும் தடுத்திருக்கலாம். உரிமை கையில் இருந்ததால் பல்கலைக்கழகம் யார் செய்யலாம், எந்தத் தரத்தில் செய்யலாம் என்று தீர்மானித்தது. அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. பிரித்தானியாவில் மருத்துவ ஆய்வுச் சபைக்கு உரிமை கொடுத்தது. டென்மார்க்கில் ஓகஸ்ற் குறோக் அனுமதி பெற்றுத் தொடங்கியது இன்றைய நோவோ நோர்டிஸ்கின் முன்னோடி நிறுவனங்களில் ஒன்று. கனடாவில் பல்கலைக்கழகத்தின் சொந்த கொனோட் ஆய்வுகூடம் தயாரித்தது. அந்த ஆய்வுகூடம் 1972 இல் விற்கப்பட்ட பணத்தில் உருவான கொனோட் நிதியம் இன்றும் ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு உதவுகிறது.

தானமாகக் கொடுப்பதற்கும் முதலில் அது உங்கள் கையில் இருக்கவேண்டும்.

மூன்றாவது: எந்த வழியால் போவது?

கண்டுபிடிப்பு என்றால் கொம்பனி என்றுதான் எங்கள் வீடுகளில் நினைக்கிறார்கள். கடை போட்டுப் பிழைத்த சமூகம், அப்படித்தான் நினைக்கும். ஆனால் வழிகள் பல.

முதல் வழி, ஏற்கெனவே சந்தையில் இருக்கும் நிறுவனத்துக்கு அனுமதி கொடுப்பது. காணியை விற்காமல் குத்தகைக்குக் கொடுப்பது போல. முன்பணம், குறிப்பிட்ட கட்டங்களைத் தாண்டும்போது ஒரு தொகை, பிறகு விற்பனையில் ஒரு வீதம். இங்கே கவனிக்கவேண்டியது, வாங்கியவர் அதைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் இன்ன காலத்துக்குள் சந்தைக்குக் கொண்டுவரவேண்டும், இல்லாவிட்டால் உரிமை திரும்பும் என்ற நிபந்தனை. வீதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பதும் முக்கியம். மொத்த விற்பனையா, கழிவுகள் போன பின் மிஞ்சும் நிகர விற்பனையா? அந்தக் கழிவுகளின் பட்டியலை ஒரு கணக்காளரிடம் காட்டாமல் கையொப்பம் வைக்கவேண்டாம்.

இரண்டாவது வழி, சொந்தமாகக் கொம்பனி தொடங்கி, பல்கலைக்கழகத்திடமிருந்து அனுமதி பெறுவது. கூகிளின் கதை இதுதான். லாரி பேஜின் தேடல் முறைக் காப்புரிமை ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. கூகிள் அதற்கு அனுமதி பெற்றுப் பதிலாகப் பங்குகளைக் கொடுத்தது. 2005 அளவில் அந்தப் பங்குகளை விற்று ஸ்ரான்ஃபோர்ட் பெற்றது 33 கோடி டொலருக்கு மேல். கனடாவில், ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியைக் கணினிக்குக் கொண்டுவரும் வாட்டர்லூப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 1991 இல் பிறந்தது ஓப்பின் ரெக்ஸ்ற் நிறுவனம். அகராதியில் சொல் தேடச் செய்த மென்பொருள், நிறுவனங்களின் ஆவணங்களைத் தேடும் தொழிலாக வளர்ந்தது.

மூன்றாவது, ஆட்களையும் அறிவையும் சேர்த்தே விற்பது. ரொறன்ரோப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்ரனும் அவரது மாணவர்கள் இருவரும் 2012 இல் ஒரு சிறு கொம்பனி பதிந்தார்கள். விற்பனைக்கு ஒரு பொருளும் இல்லை. 2013 இல் கூகிள் அதை வாங்கியது. இது எல்லோருக்கும் நடப்பதல்ல. ஆனால் சில துறைகளில் பொருளை விட ஆட்களுக்குத்தான் விலை என்பதற்கு உதாரணம்.

நான்காவது, தெரிந்தே இலவசமாக விடுவது. மென்பொருளில் இது அதிகம். அதுவும் ஒரு முடிவு. தெரியாமல் இலவசமாகப் போவதுதான் இழப்பு.

எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது பிள்ளையின் குணமும்தான். பத்து வருடம் ஊழியர் சம்பளம், வங்கி, வாடிக்கையாளர் என்று ஓட விருப்பமா, அல்லது ஆய்வுகூடத்திலேயே இருக்க விருப்பமா? ஆய்வை விரும்பும் பிள்ளையை முதலாளி ஆக்கி இரண்டையும் இழந்த குடும்பத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். மேற்பார்வையாளரும் சேர்ந்த கொம்பனி என்றால் இன்னொரு சிக்கல்: கொம்பனி வேலை எது, ஆய்வேட்டு வேலை எது என்று எழுத்தில் பிரிக்காவிட்டால் பட்டம் பிந்தும்.

நான்காவது: கொம்பனி என்றால் கணக்கு

கொம்பனிதான் என்று முடிவானால், எங்கள் பேரேட்டுக்கு வரும் விடயங்கள் இவை.

பங்குப் பிரிப்பு. மூன்று நண்பர்கள் சேர்ந்தால் ஆளுக்கு மூன்றில் ஒன்று என்று உடனே பிரித்துவிடுகிறார்கள். ஆறாம் மாதம் ஒருவர் நல்ல வேலை கிடைத்துக் கலிபோர்னியாவுக்குப் போய்விடுவார். மூன்றில் ஒன்று அவரோடு போய்விடும். பிறகு முதலீட்டாளர் யாரும் கிட்ட வரமாட்டார்கள். இதற்காகத்தான் பங்குகள் நான்கு வருடத்தில் சிறிது சிறிதாகச் சொந்தமாகும், முதல் வருடம் முடியமுன் போனால் ஒன்றும் இல்லை என்று ஒப்பந்தம் எழுதுவது வழக்கம். கண்டுபிடிப்பின் உரிமையையும் எழுத்தில் கொம்பனிக்கு மாற்றவேண்டும். அந்த மாற்றத்துக்கும் வரி உண்டு. அதைப் பின்போட வருமான வரிச் சட்டத்தின் 85 ஆம் பிரிவில் வழி உண்டு. மாற்றிய பின் வராமல் மாற்ற முன் எங்களிடம் வாருங்கள்.

ஆய்வு வரிச்சலுகை. கனடாவில் விஞ்ஞான ஆய்வுக்கும் பரிசோதனை அபிவிருத்திக்கும் கொடுக்கும் சலுகையைத் தொழிலில் எல்லோரும் ஷ்ரெட் என்பார்கள். கனடியர் கட்டுப்பாட்டில் உள்ள சிறிய தனியார் கொம்பனிக்கு, குறைந்தது முதல் 30 இலட்சம் டொலர் ஆய்வுச் செலவு வரை 35 வீதம் கிடைக்கும். வரியே கட்டவேண்டியில்லாத கொம்பனிக்கும் அது காசாகத் திரும்பி வரும். தொடக்க நிறுவனம் ஒன்றுக்கு இது உயிர்த்தண்ணீர். ஆனால் மூன்று இடத்தில் தவறுகிறார்கள். ஒன்று, தவணை: நிதியாண்டு முடிந்து 18 மாதத்துக்குள் உரிய படிவம் போய்ச் சேரவேண்டும், அதற்குப் பிறகு மன்றாடியும் பயனில்லை. இரண்டு, சம்பளம்: இராப்பகலாகச் சம்பளம் இல்லாமல் உழைத்தோம் என்பார்கள், செலவு இல்லாத உழைப்புக்குச் சலுகையும் இல்லை. மூன்று, குறிப்பேடு: என்ன தெரியாமல் இருந்தது, எதைச் செய்து பார்த்தார்கள், என்ன பிழைத்தது என்று அந்தந்த நாளில் எழுதிய குறிப்பு வேண்டும். தோற்ற பரிசோதனைக்கும் சலுகை உண்டு, எழுதி வைத்திருந்தால்.

உறவினர் பணம். இது எங்கள் சமூகத்துக்கே உரிய ஆபத்து. லண்டனில் இருக்கும் சித்தப்பா, சுவிசில் இருக்கும் மாமா, நோர்வேயில் இருக்கும் பெரியக்கா எல்லோரும் அன்போடு பணம் போட்டுப் பங்கு வாங்க வருவார்கள். கனடாவுக்கு வெளியே வதிபவர்களின் பங்குகளை எல்லாம் ஒரே ஆளிடம் இருப்பதாக எண்ணிப் பார்க்கிறது சட்டம். அது கட்டுப்பாட்டைத் தரும் அளவுக்கு, அதாவது வாக்குப் பங்கில் பாதிக்கு மேல், வந்துவிட்டால் கொம்பனி கனடியத் தனியார் கொம்பனி என்ற நிலையை இழக்கும். அந்த 35 வீதக் காசும் போய்விடும். அன்பைக் கடனாக வாங்கலாம், வாக்கில்லாப் பங்காக வாங்கலாம். ஆலோசித்துச் செய்யவேண்டும்.

ஊர்ப் பணம். சீட்டுப் பிடித்துப் பழகிய எங்களுக்கு, கோயில் மண்டபத்தில் முப்பது பேரைக் கூட்டி ஆளுக்கு ஐயாயிரம் சேர்ப்பது பெரிய வேலை அல்ல. ஆனால் பங்கு விற்பது சீட்டு அல்ல. ஒன்ராறியோவில் பொதுவாக முழு விளக்க ஆவணம் இல்லாமல் பங்கு விற்கமுடியாது. குடும்பத்தவர், நெருங்கிய நண்பர் போன்றோருக்கு விலக்கு உண்டு. அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. ஒரே சங்கத்திலோ ஒரே மத அமைப்பிலோ உறுப்பினராக இருப்பது மட்டும் ஒருவரை நெருங்கிய நண்பர் ஆக்காது என்று அந்த விதியின் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. பணம் போனால் சட்டச் சிக்கல் ஒரு பக்கம். திருவிழாவில் முகம் பார்க்கமுடியாமல் போவது மறுபக்கம்.

வீட்டை வைக்கலாமா?

தகப்பன்மார் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எங்கள் பதில் எப்போதும் ஒன்றுதான்: வீடு கடைசி. முதலில் சந்தையை விசாரியுங்கள். யார் இதை வாங்குவார், இப்போது என்ன செய்து சமாளிக்கிறார், எவ்வளவு கொடுப்பார் என்று நேரே போய்க் கேட்பதற்குக் காசு தேவையில்லை. கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமலே அது என்ன செய்யும் என்று பேசலாம். அடுத்து, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பணம். ஆய்வு மாணவர்களைத் தொழில் நிறுவனத்தோடு இணைத்துச் சம்பளம் கொடுக்கும் மைற்றாக்ஸ், சிறு நிறுவனங்களின் தொழில்நுட்ப வேலைக்கு உதவும் தேசிய ஆய்வுச் சபையின் ஐரப் திட்டம், பல்கலைக்கழகங்களின் சொந்தத் தொடக்க நிதிகள் என்று கதவுகள் இருக்கின்றன. மைற்றாக்ஸ் கண்டுபிடிப்பில் உரிமை கேட்பதில்லை. பல்கலைக்கழகமும் கூட்டு நிறுவனமும் கேட்கலாம், அதைப் பாருங்கள். அரச உதவி கிடைத்த செலவுக்கு ஷ்ரெட் சலுகை அந்த அளவுக்குக் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் பணம் போதாவிட்டால், அதன் பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம். இரண்டு வேலை செய்து 25 வருடத்தில் கட்டி முடித்த கடன் அது. பிள்ளையின் கண்டுபிடிப்புக்கு இரண்டாவது முறை வாய்ப்பு வரும். அறுபது வயதில் பெற்றோருக்கு இரண்டாவது வீடு வராது.

அந்த ஒக்ரோபர் சனிக்கிழமை நாங்கள் கொம்பனி பதியவில்லை. திங்கட்கிழமையே பிள்ளை பல்கலைக்கழகத்தின் பரிமாற்ற அலுவலகத்துக்குப் போனாள். பக்கத்து மேசை மாணவர் ஒருவரின் பெயரும் கண்டுபிடித்தவர் பட்டியலில் சேரவேண்டும் என்று அங்கே தெரியவந்தது. முதலில் அவளுக்குக் கசப்பாக இருந்தது. குறிப்பேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஓம் அங்கிள், அது அவன் சொன்னதுதான்" என்றாள். ஜனவரி மாதம், ஒரு வருடத் தவணை முடிய மூன்று வாரம் இருக்க, கனடாவிலும் அமெரிக்காவிலும் விண்ணப்பங்கள் போயின. ஐரோப்பா போனது போனதுதான். பனிக்காலம் முழுவதும் அவள் ஒன்ராறியோவின் கிராமப் புறங்களில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் பண்ணைக்காரரிடம் போய்ப் பேசினாள். அவர்கள் கருவியை விட, முடிவை யார் பொறுப்பேற்றுச் சொல்வார் என்றுதான் கேட்டார்களாம். அதனால் இப்போது ஏற்கெனவே தண்ணீர்ப் பரிசோதனை செய்யும் ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கும் பேச்சு நடக்கிறது. வீட்டு லைன் ஒஃப் கிரெடிட்டில் ஒரு சதமும் எடுக்கவில்லை.

சென்ற மாதம் தகப்பன் திரும்பவும் வந்தார். "அண்ணை, அப்ப எங்கடை ஊர்க் கிணறுகளுக்கு இதைப் பாவிக்கேலாதோ?" என்று கேட்டார். காப்புரிமை என்பது எடுத்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும், யாழ்ப்பாணத்தில் இவர்கள் விண்ணப்பிக்கவில்லை, அதனால் அங்கே அதைச் செய்வதைத் தடுக்க அனுமதி எடுத்த நிறுவனத்துக்கும் காப்புரிமை இராது என்று விளக்கினோம். அனுமதி ஒப்பந்தத்தில் அதற்கு முரணாக எதுவும் வராதபடி ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொல்லி மகளையும் சட்டத்தரணியிடம் அனுப்பினோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு எழும்பிப் போனார்.

உங்கள் வீட்டில் ஆய்வு செய்யும் பிள்ளை இருந்தால் இன்றிரவு சாப்பாட்டு மேசையில் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை யாருக்குச் சொல்லியிருக்கிறாய்? எந்தத் திகதியில்? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.